லேபிள் அடிக்கக் கொடுக்கப் போகிறீர்களா? சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு என்று ஏமாற்றுகிறார்கள்

ஊறுகாய், பொடி, எண்ணெய் என்று வீட்டில் செய்து விற்பவர்கள், முதல்முறையாக லேபிள் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பிரஸ்ஸில் எங்களுக்கு நடந்தது இது.

வீரவநல்லூரில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, புளியங்குடி எலுமிச்சை வாங்கி ஊறுகாய் போடுகிறோம். ஆனித் தேரோட்ட சமயத்தில் டவுனில் ஸ்டால் போட இடம் கிடைத்தது. அதற்காகத்தான் லேபிள்.

எண்ணெய் படுகிற பாட்டில், அதனால் பேப்பர் ஆகாது, பிபி ஸ்டிக்கர்தான் வேண்டும் என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னோம். பிபி என்பது பிளாஸ்டிக் ஃபிலிம். எண்ணெயும் தண்ணீரும் அதில் இறங்காது. குரோமோ என்பது பளபளப்பு பூசிய பேப்பர், விலை குறைவு. பிரஸ்காரர் கையில் கொடுத்த சாம்பிள் அசல் பிபி. "அதே பிபியிலதான் போட்டுத் தாரேன்க்கா, மேல லேமினேஷனும் உண்டு. தண்ணிக்குள்ள முக்கி வச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். 5,000 லேபிளுக்கு 11,000 ரூபாய், டிசைன் சார்ஜும் அதிலேயே சேர்த்தி. 7,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, துண்டுச் சீட்டில் 'ஸ்டிக்கர் 5000' என்று மட்டும் எழுதித் தந்தார். பில் கேட்டதற்கு டெலிவரி அன்று தருகிறேன் என்றார். வாட்ஸ்அப்பில் வந்த புரூஃபை, அதாவது அடிப்பதற்கு முன் சரிபார்க்க அனுப்புகிற மாதிரிப் படத்தை, எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் ஓகே சொன்னோம்.

இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, ஸ்டால் திறப்பதற்கு முந்தின நாள் இரவுதான் பார்சல் வந்தது. விடிய விடிய உட்கார்ந்து ஒட்டினோம். மறுநாள் மதியமே குட்டு வெளிப்பட்டுவிட்டது. மூடி ஓரத்தில் கசிந்த நல்லெண்ணெய் லேபிளின் மேல் விளிம்பில் பட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பலகாரம் மடித்த தாள் மாதிரி ஊறிப்போய், உள்ளே இருக்கிற மசாலா நிறம் வெளியே தெரிந்தது. விலை போட்டிருந்த இடத்தை விரலால் தொட்டால் மை இழுவியது. ஒரு லேபிளைக் கிழித்துப் பார்த்தேன். சட்டென்று கிழிந்தது, விளிம்பில் வெள்ளையாக நார். பிபி அப்படிக் கிழியாது, ரப்பர் மாதிரி இழுபடும். லேமினேஷன் என்ற பேச்சே இல்லை.

அதைவிட மனசு வெந்தது எழுத்தைப் பார்த்துத்தான். 'எலுமிச்சை'யில் கொம்பு தனியாகக் கழன்று, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் நிற்கிறது. 'சேர்மானப் பொருட்கள்' வாசிக்கவே முடியவில்லை. புரூஃபில் எல்லாம் சரியாக இருந்ததே என்று வேறு ஒரு டிசைனரிடம் கேட்டேன். ஆர்டரை வேறு எங்கேயோ கைமாற்றி விட்டிருப்பார்கள், அந்தக் கம்ப்யூட்டரில் நம் ஃபாண்ட் இருந்திருக்காது என்றார். எழுத்தைக் கர்வ் ஆக்கி, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பியிருந்தால் எந்த மெஷினில் திறந்தாலும் மாறாதாம். அது பிரஸ்காரர் செய்ய வேண்டிய வேலை.

போய்க் கேட்டால், "எல்லாரும் பேப்பர்தான் போடுதாங்க. நீங்க ஓகே சொன்ன பிறகுதான அடிச்சோம்?" என்கிறார். டிசைன் ஃபைலையாவது கொடுங்கள் என்றால், பாக்கி 4,000 வந்தால் பார்க்கலாம் என்கிறார். டிசைனுக்கும் சேர்த்துத்தானே காசு பேசினோம்!

அதனால் பிபியா குரோமோவா, லேமினேஷன் உண்டா, அளவு என்ன, எத்தனை என்று எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். முழுசாக அடிப்பதற்கு முன், அதே மெட்டீரியலில் நம் லேபிளையே இரண்டு அடித்துத் தரச் சொல்லி, ஒன்றில் அவர் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். இன்னொன்றைப் பாட்டிலில் ஒட்டி, எண்ணெய் தடவி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். பேக்கிங் தேதி, பேட்ச் எண் போடுகிற இடத்தையும் கவனியுங்கள். பளபள லேமினேஷன் மேல் சாதாரண ரப்பர் ஸ்டாம்ப் மை காயாமல் அழிந்துவிடும். உணவுப் பாதுகாப்புத் துறை தருகிற எஃப்எஸ்எஸ்ஏஐ எண் 14 இலக்கம், ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். சைவக் குறி, நிகர எடை, வரிகள் உட்பட எம்ஆர்பி, முகவரி, புகாருக்கான தொடர்பு எண் இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அபராதம் நம் தலையில்தான் விழும், பிரஸ்காரர் வர மாட்டார்.

"வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டெல்லாம் செல்லாது" என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். அது முழு உண்மை இல்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியதை வணிக நோக்கம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தள்ளுவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறோம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே கட்டணமே கிடையாது.

பாக்கியைக் கேட்டு பிரஸ்ஸிலிருந்து இப்போதும் போன் வருகிறது. கொடுக்கப் போவதில்லை. நெல்லை, தென்காசி பக்கம் பிபி என்று சொல்லிப் பேப்பரைத் தலையில் கட்டியது வேறு யாருக்காவது நடந்திருந்தால், சீட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் ஒட்டாத லேபிள் நாலைந்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள். சேர்ந்தே போய்ப் புகார் கொடுப்போம்.