காரில் கம்ப்யூட்டர்: 12 வோல்ட்டும் எண்ணூர் உப்புக்காற்றும்

காருக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சொன்னால், பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கரண்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். நாலைந்து வருஷம் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்டியில் மிச்சம் பிடியுங்கள், பவர் சப்ளையில் பிடிக்காதீர்கள்.

என் பிழைப்பு வடசென்னைக் கடலோரத்தில், மணலி புதுநகர், எண்ணூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளில். வண்டி பாதி நாள் வெயிலில் நிற்கும், மீதி நாள் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னும் பின்னும் கேமரா பதிவு, இன்ஜின் ரீடிங், பாட்டு, இவ்வளவுதான் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலை. ஃபேன் இல்லாத மினி ஐடிஎக்ஸ் எனும் சின்ன மதர்போர்டு, ஃபைல்களைச் சேமிக்க ஒரு எஸ்எஸ்டி. அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுக நிலக்கரித் தூசியும் பறக்கிற பக்கம், ஃபேன் வைத்தால் மாதத்துக்கு ஒரு தடவை பிரித்துத் துடைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

கார் பேட்டரி 12 வோல்ட் என்பது பேருக்குத்தான். நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 காட்டும், இன்ஜின் ஓடினால் 14-ஐத் தாண்டும். செல்ஃப் அடிக்கும் அந்த ஓரிரு நொடியில் 8, 9 வரை இறங்கும், பேட்டரி வீக் என்றால் அதற்கும் கீழே போகும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல் லூசாகிக் கழன்றால் இன்னும் மோசம்; பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து கண்சிமிட்டும் நேரத்துக்குப் பல பத்து வோல்ட் பாயும். ஒரு கடையில் முதலில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்துதான் லைன் இழுத்துக் கொடுத்தார்கள். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது பல வண்டிகளில் அந்த லைன் அறுந்துதான் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அணைந்து எழும். பதிவு பாதியில் அறுந்த வீடியோ ஃபைல் திறக்கவே திறக்காது.

அதன் பிறகு போட்டதுதான் எம்4-ஏடிஎக்ஸ், காரில் வைக்கும் கம்ப்யூட்டருக்கென்றே வரும் பவர் சப்ளை போர்டு. உள்ளே 6 முதல் 30 வோல்ட் வரை எது வந்தாலும் போர்டுக்கு நிலையான மின்சாரம் கொடுக்கும். 250 வாட் தாங்கும், எனக்கு அதில் கால்வாசிகூடத் தேவையில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு லைன், சாவி போட்டாலும் செல்ஃப் அடித்தாலும் விடாமல் இருக்கும் இக்னிஷன் லைனிலிருந்து சாவி போட்டிருக்கிறதா என்று அதற்குச் சொல்ல ஒரு மெல்லிய சென்ஸ் வயர், அப்புறம் எர்த். சாவியை எடுத்ததும், போர்டில் உள்ள ஜம்பர் என்ற சின்னச் செருகிகளால் நாம் வைத்த நேரம் வரை காத்திருக்கும், பவர் பட்டனை அழுத்தியதுபோல் போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுத்து முறையாக ஷட்டவுன் செய்யவைக்கும், பிறகு முழுசாகக் கட் செய்யும். செல்ஃப் அடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் இந்த அணைக்கும் வேலைக்குத்தான் காசு தகும்.

ஷட்டவுன் வேண்டாம், ஸ்லீப்பில் போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்லீப்பில் 0.2 ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 5 ஆம்பியர் ஹவர். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி நாலாம் நாள் பாதிக்கு வந்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் வண்டியைத் தள்ளத்தான் ஆள் தேட வேண்டும்.

வயரிங்கைக் கார் கடையில் கொடுக்கவில்லை. காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு பேட்டரி, ஜிபிஎஸ் வயரிங் பார்க்கும் ஒரு அண்ணனைப் பிடித்தேன். கடையில் போட்ட வயரின் முனையைச் சீவிக் காட்டினார். ரப்பருக்குள்ளேயே ஒரு விரற்கடை தூரத்துக்குச் செம்பு பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது.

“தம்பி, கடலோரத்துல வெறும் செம்பு நிக்காது. டின் பூசுன வயர் போடு. முனையில கிளிப்பை நசுக்கி கிரிம்ப் பண்ணி, பசை இருக்கிற ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டு. டேப் சுத்துனா தண்ணி உள்ளதான் நிக்கும்.”

“கார்தானே அண்ணே, படகு இல்லையே?”

“திருவொத்தியூர்லதானே நிறுத்துற?”

2.5 ஸ்கொயர் எம்.எம். வயர், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாண் தள்ளி 10 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் கம்ப்யூட்டரைக் காப்பாற்றத்தான் என்று நினைப்பவர்கள் அதைப் பெட்டிப் பக்கம் வைப்பார்கள். அது வயரைக் காப்பாற்ற. பானட்டுக்குள் எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால், பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் இருந்தால்தான் தீப்பிடிக்காமல் தப்பிக்கும். டெர்மினலில் வாஸ்லின் தடவச் சொன்னார், இன்றுவரை களிம்பு பூக்கவில்லை.

பெட்டியை சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னவர்கள் வடசென்னை மழையில் வண்டி ஓட்டாதவர்கள். தண்ணீர் முதலில் ஏறுவது தரையில்தான். பின் சீட்டின் முதுகில், டிக்கிப் பக்கமாக, பிளைவுட் அடித்து உயரத்தில் மாட்டினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. மேட் நனைந்து வாரக்கணக்கில் நாறியது, பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலுக்கும் அந்த இடம்தான் பரவாயில்லை. மே மாதம் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் சூடு 60 டிகிரியை எட்டும், டாஷ்போர்டு மேல் இன்னும் அதிகம். சாதாரண எஸ்எஸ்டிக்கு 70தான் எல்லை. மதியம் வண்டியை எடுத்தால் முதலில் ஏசி, கொஞ்சம் ஆறிய பிறகுதான் கம்ப்யூட்டர்; அதற்காக சென்ஸ் வயரில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறேன். பேக்கப்புக்கு லித்தியம் பவர் பேங்க் வைக்கலாமே என்று கேட்காதீர்கள், இந்தச் சூட்டில் அது உப்பிவிடும்.

இன்வெர்ட்டர் போட்டு அதில் சாதாரண அடாப்டரைச் செருகலாமா என்றால், ஓடும். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 19 ஆக்குவதில் இரண்டு இடத்திலும் சூடாக வீணாகும், சாவியை எடுத்தால் யார் ஷட்டவுன் சொல்வது?

தீராத தொல்லை ஒன்று பாக்கி இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் கூடவே கீச்சென்று ஏறும் ஆல்டர்னேட்டர் சத்தம். ஆம்ப்ளிஃபயரையும் கம்ப்யூட்டரையும் ஒரே போல்ட்டில் எர்த் செய்ததும் முக்கால்வாசி அடங்கியது. லைட்டர் சாக்கெட்டில் மலிவு போன் சார்ஜரைச் செருகினால் மீண்டும் வருகிறது. சார்ஜரை மாற்றிப் பார்க்க வேண்டும்.