ஜோடி இன்ஜின் வாங்குகிறவர்கள் கவனிக்க: இரண்டாவது இழுக்கிறதா, வெறுமே உருள்கிறதா?

செகண்ட்-ஹேண்டில் வாங்கிய ஹெச்.ஓ. (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அளவு மாடல் ரயில் டீசல் இன்ஜின் ஜோடி. விற்றவர் எழுதியிருந்தது: "இரண்டிலும் மோட்டார், இரண்டிலும் டி.சி.சி. டிகோடர், வேகம் பொருத்தியாச்சு, கோத்து ஓட்டலாம்." டிகோடர் என்பது தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிப். கூடவே ஒரு வீடியோ. முன்விளக்கு எரிய இரண்டும் சேர்ந்து ஒரு நீள வண்டியைக் குலுங்காமல் இழுத்துப் போகின்றன. ஏமாற்றியது அந்த வீடியோதான்.

இரண்டாவது இன்ஜினைத் தனியாக வைத்து த்ராட்டிலைத் திறந்தால் மோட்டார் சத்தம் கேட்கிறது, சக்கரம் அசையவில்லை. விற்றவரின் பதில்: "சி.வி.19-ல பழைய ஜோடி எண் கிடக்கும், 0 போடுங்க." சி.வி. என்பது டிகோடருக்குள் எண்ணிட்டுச் சேமித்த அமைப்பு; 19-வது, கோத்த இன்ஜின்களுக்கான பொது முகவரி. கேட்க நியாயமாகத்தான் படும். சி.வி.19-ல் எண் இருந்தால் இன்ஜின் தன் சொந்த முகவரிக்கு வரும் வேகக் கட்டளையைக் கண்டுகொள்ளாது. ஆனால் அப்போது மோட்டாரே சுற்றாது. மோட்டார் சுற்றுகிறது என்றால் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது. கோளாறு அதற்குக் கீழே.

விரலால் தள்ளியதும் குட்டு வெளிப்பட்டது. இந்த மாதிரி இன்ஜின்களில் இருப்பது வார்ம் கியர், அதாவது திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தை ஓட்டும் அமைப்பு. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. அதனால் தள்ளினால் சக்கரம் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் சறுக்க வேண்டும். இதுவோ சரக்குப் பெட்டி போல உருண்டு ஓடியது. மேல்கூட்டைக் கழற்றிப் பார்த்தால், மோட்டாரின் ஃப்ளைவீலிலிருந்து (சுழலும் கன உருளை) முன்பின் சக்கரத் தொகுதிகளுக்குப் போக வேண்டிய கார்டன் ஷாஃப்ட் (இணைப்புத் தண்டு) இரண்டுமே இல்லை, தொகுதிகளின் மேலிருக்க வேண்டிய வார்ம்களும் இல்லை. ஷாஃப்ட் நுழையும் குழியில் காய்ந்த கிரீஸ் மட்டும் வளையமாக ஒட்டியிருந்தது.

ஏன் கழற்றினார் என்பது புது ஷாஃப்டும் வார்மும் போட்ட பிறகுதான் புரிந்தது. த்ராட்டிலின் 128 வேகப் படிகளில் 40-வது படியில் 1 மீட்டரைக் கடக்க முதல் இன்ஜினுக்கு 10 விநாடி, இதற்கு 7. நிஜ அளவில் சொன்னால் மணிக்கு 31 கிலோமீட்டரும் 45-ம். ஒரே மாடல் எண்தான், ஆனால் ஒன்றில் மோட்டார் மாற்றப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட இரண்டைக் கோத்தால் மெதுவானது பிரேக்காகிவிடும். அதன் சக்கரங்கள் தேய்த்துக்கொண்டே இழுபடும், ரப்பர் டயர் கிழியும், வேகமானதன் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து டிகோடர் சூடேறும். வேகமானது பின்னால் இருந்தால் வளைவில் முன்னதை முட்டித் தள்ளித் தண்டவாளத்திலிருந்து இறக்கிவிடும். வீடியோவில் இதெல்லாம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் ஷாஃப்டும் வார்மும் போயிருக்கின்றன.

"கோத்து ஓட்டினா தானா சரியாகிடும்" என்றும் சொல்வார்கள். வித்தியாசம் சிறிதென்றால் உண்மைதான்: வேகமானது சுமையைக் கூடுதலாக ஏற்றுச் சற்று மந்தமாகும். இவ்வளவு இடைவெளிக்கு அது நடக்காது. டிகோடரில் பேக்-இ.எம்.எஃப். (சுமை மாறினாலும் மோட்டார் வேகத்தை நிலையாக வைக்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் இரண்டும் தத்தம் வேகத்தையே பிடித்துக்கொண்டு இன்னும் மல்லுக்கு நிற்கும்.

பொருத்துவதற்கு: இரண்டிலும் சி.வி.19, அத்துடன் வேகம் படிப்படியாகக் கூட, குறைய எடுக்கும் நேரமான சி.வி.3, சி.வி.4 மூன்றையும் 0 ஆக்குங்கள். 10 நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். மெதுவானதே அளவுகோல், வேகமானதைக் குறைக்கலாம், மெதுவானதை அதன் உச்சத்துக்கு மேல் கூட்ட வழியில்லை. சி.வி.2-ல் கிளம்பும் வேகம், சி.வி.5-ல் உச்ச வேகம், பிறகு சி.வி.6-ல் நடு வேகம். போதவில்லையென்றால் சி.வி.29-ல் 16 கூட்டி, சி.வி.67 முதல் 94 வரை உள்ள வேக அட்டவணையில் இறங்குங்கள். முடிந்ததும் இரண்டுக்கும் சி.வி.19-ல் ஒரே எண். முதுகு காட்டி நிற்கும் இன்ஜினுக்கு மட்டும் அதோடு 128 கூட்ட வேண்டும். மிச்சமிருக்கும் சிறு வித்தியாசத்துக்கு, வேகமானதை முன்னால் வையுங்கள்.

பணம் திரும்பவில்லை. "கூட்டைத் திறந்துட்டீங்க, எடுத்துக்க முடியாது" என்றார். ஆகவே வாங்கியதும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். பெட்டி பிரிப்பதிலிருந்து விரலால் தள்ளிப் பார்ப்பது, தனித்தனியாக ஓட்டுவது வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். வாங்கும் முன் கேட்க வேண்டிய வீடியோவும் வேறு: கோக்காமல், ஒரே வட்டத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இரண்டும் ஒரே படியில் மூன்று சுற்று. இதற்குச் சாக்குச் சொல்கிறவரிடம் பேரம் பேச வேண்டியதில்லை.