புதியது என்று விற்ற ஹார்ட் டிஸ்க், மூன்று ஆண்டுகள் ஓடித் தேய்ந்தது: சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டுக் கணினிக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க் போட நினைப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். டவுனில் உள்ள ஒரு கணினிக் கடை, கண்காணிப்பு கேமராப் பெட்டிகளில் இரவும் பகலும் ஓடித் தேய்ந்த ஹார்ட் டிஸ்க்குகளைப் புதியவை என்று சொல்லி விற்கிறது. அதைப் பொருத்திக் கொடுத்த விதமோ தீப்பிடிக்கக்கூடிய விதம். எனக்கு விற்றார்கள். எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஐயா ஒருவருக்கும் விற்றார்கள். அவர் இழந்ததை எந்தப் பணமும் திருப்பித் தராது.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். தீர்ப்பு வரும் முன் பெயர் சொல்வது முறையல்ல.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளும் இடிக்கப்பட்ட பிறகு, அந்த மக்களிடம் மிஞ்சியிருப்பவை புகைப்படங்கள்தாம். விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்தில்) வரிசையாக நிற்கும் ஆட்கள், மாரியம்மன் கோயில் தீமிதி, தோட்டத் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாளியோடு நிற்கும் தாய். இவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களோடு என் கணினியில் சேர்த்து வருகிறேன். 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. அந்த டிஸ்க்குக்கு வயதும் ஆகிவிட்டது. அதனால்தான் 2 டிபி அளவில் இரண்டாவது டிஸ்க் ஒன்று போட முடிவு செய்தேன்.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினார். வெள்ளி நிறப் பையில் இருந்தது; பெட்டி இல்லை. கேட்டதற்கு, "டீச்சர், இது கம்பெனிகளுக்கு மொத்தமாக வரும் சரக்கு, அதனால் பெட்டி வராது. முற்றிலும் புதியது" என்றார். விலை 289 ரிங்கிட். நானே பொருத்திக்கொள்கிறேன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கடையில் பொருத்தினால்தான் வாரண்டி என்றார். அதற்குக் கூலி 40 ரிங்கிட். விண்டோஸில் டிஸ்க் தெரிய வேண்டுமானால் ஒரு சாப்ட்வேர் போட வேண்டும், அதற்கு 60 ரிங்கிட்.

அந்த 60 ரிங்கிட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய ஹார்ட் டிஸ்க் எதுவும் பொருத்தியவுடன் கணினியில் தானாகத் தெரியாது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறந்து, அதைத் தொடக்கநிலைப்படுத்தி, பிரிவு உருவாக்கி, ஃபார்மட் செய்ய வேண்டும். டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்க ஜிபிடி, எம்பிஆர் என்று இரண்டு முறைகளைக் காட்டும். இப்போதைய கணினிக்கு ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேற்பட்ட இடத்தைப் பயன்படுத்த முடியாது. சில நிமிட வேலை. விலை கொடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேர் எதுவும் இதற்குத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியை ஓடவிட்டேன். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்ளும்; அந்தப் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை இயக்கப்பட்டது, எத்தனை இடங்கள் பழுதாகின என்பதெல்லாம் அதில் இருக்கும். என் "முற்றிலும் புதிய" டிஸ்க் 27,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். ஆக, மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிற்காமல் சுழன்றிருக்கிறது. இயக்கப்பட்ட எண்ணிக்கையோ ஐம்பதைக்கூடத் தொடவில்லை. வீட்டுக் கணினியை நாம் தினமும் போடுவோம், அணைப்போம். மூன்று ஆண்டுகள் அணையாமலே ஓடுவது கேமராப் பெட்டி.

அதற்கும் மேலே ஒன்று. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த வெள்ளைத்தாளில் ஒரு மாடல் எண். திரையில் காட்டிய மாடல் எண் வேறு. சீரியல் எண்ணும் பொருந்தவில்லை. திரையில் வந்த எண்ணைத் தேடிப் பார்த்தால், கண்காணிப்பு கேமராவுக்கென்றே தயாரிக்கப்படும் வகை. மேலே இருந்த அசல் லேபிளை உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டுத் துளைகளில் ஏற்கனவே திருகு முடுக்கிய கீறல்களும் இருந்தன. கைதவறி மாறிப் போன சரக்குக்கு யாரும் புது லேபிள் அச்சடிப்பதில்லை.

பிறகு கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். பார்த்தவுடன் பயந்துவிட்டேன். டிஸ்க்குக்கு நான்கு திருகுகள் போட வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. கூண்டின் மேல் சும்மா வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் தட்டுகள் உள்ள பொருள் அது. மின்சாரத்துக்கு, மோலெக்ஸ் எனப்படும் பழைய நான்கு முனை மின் இணைப்பை, இப்போதைய டிஸ்க்குகளுக்கான சாட்டா இணைப்பாக மாற்றும் மலிவான ஒட்டு வயரைப் போட்டிருந்தார்கள். இந்த ஒட்டு வயரில் இரண்டு வகை உண்டு. வயர்களைத் தனித்தனியாக மூடியில் பொருத்திக் கடித்துப் பிடிக்கவைத்தது ஒரு வகை. வயர்களை வைத்து உருக்கிய பிளாஸ்டிக்கை ஊற்றி ஒரே கட்டியாக வார்த்தது இன்னொரு வகை. வார்த்த வகையில் உள்ளே 12 வோல்ட், 5 வோல்ட், தரை வயர்கள் மிக நெருக்கமாகக் கிடக்கும். வார்க்கும்போது ஒன்று சற்று நகர்ந்தாலும் நாளடைவில் உராய்ந்து ஷார்ட் ஆகி உருகும், சில சமயம் எரியும். கணினி பழுது பார்ப்பவர்களிடையே நெடுங்காலமாகத் தெரிந்த ஆபத்து இது. எனக்குப் போட்டது அந்த வார்த்த வகை. இதில் வயிறு எரியும் விஷயம் என்னவென்றால், என் பவர் சப்ளையிலேயே சாட்டா பவர் முனை ஒன்று பயன்படாமல் சுருட்டிக் கட்டிக் கிடந்தது. அதை எடுத்துச் செருகக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. குழந்தைகள் தூங்கும் அறையில் கணினி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை!

என் படங்கள் தப்பின. டிஸ்க்கைச் சோதிக்காமல் ஒரு கோப்பைக்கூட அதில் போடவில்லை. ஆனால் கடைக்காரர் எனக்குச் சொன்ன ஆலோசனை வேறு: "எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதைக் கொடுத்துவிடுங்கள் டீச்சர், இருபது ரிங்கிட் கழித்துக்கொள்கிறேன்."

கிராணி ஐயா அப்படியே செய்தார். அவருடைய மனைவி காலமாகிவிட்டார். அந்த அம்மாவின் படங்கள், பேரப்பிள்ளைகளுடன் எடுத்த வீடியோக்கள் எல்லாவற்றையும் கடைக்காரரே புதிய டிஸ்க்குக்கு மாற்றி, பழையதை எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் அந்த டிஸ்க் டிக் டிக் என்று தட்டத் தொடங்கியது. பிறகு கணினியில் தெரியவே இல்லை. ஐயா கடைக்குப் போனால், "மின்னல் அடித்திருக்கும் அண்ணே, வாரண்டியில் வராது" என்று அனுப்பிவிட்டார்கள். பழைய டிஸ்க்கைக் கேட்டாராம். விற்றாகிவிட்டது. யார் கையில் இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு மனிதரின் குடும்பப் படங்கள் முன்பின் தெரியாதவர் வீட்டில் கிடக்கலாம். கோலாலம்பூரில் தகவல் மீட்பவர்களிடம் விசாரித்தோம். ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இப்படித் தட்டும் ஓசை கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால், படிக்கும் முனை தட்டில் உரசி, மீட்கக்கூடியதும் போய்விடும்.

நான் திரும்பப் போய் 27,000 மணி நேரத்தைக் காட்டியபோது, கருவி தவறாகக் காட்டுகிறது என்றார். லேபிளையும் திரையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மொத்த வியாபாரி ஏமாற்றிவிட்டார் என்றார். அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும், ஐம்பது ரிங்கிட் தருகிறேன், ஊர்க்காரர்கள் நாம், பெரிதாக்க வேண்டாம் என்றார். ஊர்க்காரர் என்ற உரிமையில்தானே நம்பி வாங்குகிறோம்!

பழைய கார் வாங்கும்போது மீட்டரைப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்குக்கும் அதையே கேளுங்கள்: கடையில், உங்கள் கண் முன்னால், ஒரு கணினியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஓடிய மணி நேரம் பூஜ்யமாகவோ அதையொட்டியோ இருக்க வேண்டும். ஸ்மார்ட் பதிவில் 05 என்ற வரிசையும் சி5 என்ற வரிசையும் பழுதான, பழுதாகும் நிலையில் உள்ள இடங்களைக் காட்டுபவை. புதிய டிஸ்க்கில் அவற்றின் மூல எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். 2 டிபி டிஸ்க் விண்டோஸில் ஏறத்தாழ 1,863 ஜிபி என்றுதான் தெரியும். அது ஏமாற்று அல்ல, கணக்கிடும் முறை வேறு. லேபிளில் உள்ள சீரியல் எண் திரையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, தயாரிப்பாளர் இணையதளத்தில் அந்த எண்ணுக்கு வாரண்டி மீதம் இருக்கிறதா என்று பாருங்கள். மணி நேரத்தையே அழித்துப் பூஜ்யமாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அப்படி விற்கப்பட்ட டிஸ்க்குகள் பெரிய அளவில் பிடிபட்டன. அதனால் ஸ்மார்ட் எண்ணை மட்டும் நம்பாமல் வாரண்டியையும் சோதிப்பது அவசியம். ரசீதில் "புதியது" என்ற சொல்லும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் சும்மா விடாதீர்கள். பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலாயில் திரிபூனல் துன்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டியதில்லை, நம் வழக்கை நாமே பேசலாம். மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், இணையத்திலும் கொடுக்கலாம். ரசீது, திரையில் படம் பிடித்த ஸ்மார்ட் பதிவு, லேபிளின் படம், வயரின் படம் ஆகியவற்றை என் மனுவோடு இணைத்திருக்கிறேன். கிராணி ஐயாவின் மனுவையும் எழுதி முடித்துவிட்டோம்.

அண்மையில் டவுனில் ஹார்ட் டிஸ்க் போட்டவர்கள், இன்றே கணினியை அணைத்து, சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து பாருங்கள். டிஸ்க்குக்குப் போகும் ஒட்டு வயரின் முனை ஒரே கட்டியாக வார்த்த பிளாஸ்டிக்காக இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். பழைய டிஸ்க் இன்னும் கையில் இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். பார்க்கத் தெரியவில்லை என்றால் என்னிடம் எடுத்து வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன், பணம் வேண்டாம். அந்தக் கடையின் ரசீது வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரியப்படுத்துங்கள், விசாரணைக்குச் சேர்ந்து போவோம்.