கையால் செதுக்கியது என்று 285 டாலர் வாங்கிக்கொண்டு மெஷினில் சுட்டு அனுப்பிவிட்டார்கள்: பியர் தயாரிக்க மரத் துடுப்பு வாங்க நினைப்பவர்கள் படியுங்கள்

மக்களே, கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை நடந்தது, இன்னும் ஆறவில்லை. கைவினைப் பொருள்கள் விற்கிற பெரிய இணையச் சந்தை ஒன்றில், "தலைமுறை தலைமுறையாக மரவேலை" என்று கடை விரித்திருக்கும் ஒரு ஆள் என்னிடம் 285 டாலரைப் பிடுங்கிக்கொண்டார். பணத் தகராறு இன்னும் முடியாததால் சந்தையின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே போடவில்லை. எப்படிப் பேசினார்கள், எப்படிக் கைகழுவினார்கள் என்பதை மட்டும் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில். எனக்கு வீட்டிலேயே பியர் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டு, அடுத்த பிப்ரவரியில் வீட்டுத் தயாரிப்பு கூட்டாட்சிச் சட்டப்படி செல்லும் என்றானபோது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. அன்று தொடங்கியவர் இன்றுவரை விடவில்லை. (ஊரிலிருந்து "சாராயமா காய்ச்சுறே?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. வடித்தெடுப்பது வேறு விஷயம், அந்தப் பக்கமே நான் போகவில்லை. பியர் என்றால், வயது வந்தவர்கள் இருவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை, விற்காத வரைக்கும், தடை இல்லை.) பெரியவருக்கு இப்போது எழுபது வயது நிறைந்தது. அதற்குத்தான் இந்தத் துடுப்பு.

துடுப்பு என்றால் கல்யாண வீட்டு அண்டாவில் சமையல்காரர் போட்டுக் கிண்டுவாரே, அதே போலத்தான். உடைத்த பார்லி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) சுடுதண்ணீரில் கொட்டி, 67 டிகிரி செல்சியஸ் பக்கமாக ஒரு மணி நேரம் வைத்திருப்போம். இதற்கு மாஷ் என்று பெயர். கொட்டும்போது மாவு கட்டி கட்டியாகத் திரளும். கட்டிக்குள் தண்ணீர் போகாவிட்டால் அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் வீணாகிவிடும். கட்டியை உடைக்கத்தான் நீளமான துடுப்பு, அலகில் ஓட்டைகளோடு. சாதா மேப்பிள் மரத் துடுப்பு முப்பது நாற்பது டாலருக்கே கிடைக்கும். பெரியவருடையது நுனி உடைந்து, கறுத்துப்போய்க் கிடந்தது.

புதிதாக வாங்குவதுதான் வாங்குகிறோம், அவர் ஆயுசுக்கும் சுவரில் மாட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துப் புழங்குகிற மாதிரி வாங்குவோம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். அலகின் முன்பக்கம் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தருவது) கொடியும் பூவும், கைப்பிடி ஓரம் இரண்டு பார்லி கதிர், பின்பக்கம் தமிழில் "பொங்கட்டும்". ஏன் அந்தச் சொல் என்றால், எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வந்து பானை பொங்கி வழிவதைப் பார்த்ததிலிருந்து, தன் கெட்டிலில் வோர்ட் (மாஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) கொதித்து நுரை மேலே ஏறினால் அவரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவார். அடுப்பைக் குறைத்துக்கொண்டேதான் கத்துவார், வழிந்தால் இடமெல்லாம் பிசுபிசுத்துவிடும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடவில்லை. விற்றவரிடம் சாட்டில் நிறையக் கேட்டேன். ஓக் மரத்தில் செய்தால் என்ன என்று கேட்டபோது, "வேண்டாம், செவ்வோக்கில் துளைகள் திறந்தே இருக்கும், ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும், தானியப் பாலெல்லாம் உள்ளே போய்த் தங்கிவிடும், இழை நெருக்கமான கெட்டி மேப்பிள்தான் சரி" என்றார். இது நூற்றுக்கு நூறு உண்மை. பூச்சு என்ன என்று கேட்டேன். "வார்னிஷ் தொடவே மாட்டேன், உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் மட்டும்." இதுவும் சரியான பதில். அப்புறம் ஒரு சின்ன வீடியோ அனுப்பினார். நரம்போடிய ஒரு கை, வளைவு உளியால் ஹாப்ஸ் பூவின் ஒவ்வொரு இதழாகக் கீறி எடுக்கிறது, சீவல் சுருண்டு சுருண்டு விழுகிறது. எங்கள் மாநில மரமே சுகர் மேப்பிள்தான், அந்த மரத்தில் ஒருவர் உயிரைக் கொடுத்துச் செதுக்குகிறார் என்று அந்த வீடியோவை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த இடத்தில்தான் முழுசாக நம்பினேன். வேலை தெரிந்த ஆளின் பேச்சு அது. அதைத்தான் அவர் தூண்டிலில் மாட்டி வைத்திருக்கிறார்.

தமிழ் எழுத்தைத் தாளில் பெரிதாக, மசியால் வரைந்து படம் எடுத்து அனுப்பினேன். கூடவே தட்டச்சு செய்தும் அனுப்பச் சொன்னார், "சரிபார்க்க" என்றார். அனுப்பினேன். கஸ்டம் ஆர்டர் என்பதால் முழுப் பணமும் முன்கூட்டியே. 285 டாலர் போனது. "பரிசுக் கட்டு நாங்களே அழகாகக் கட்டித் தருகிறோம், மெழுகு முத்திரை உண்டு, வாங்குபவரே பிரிக்கட்டும்" என்று அன்பாக வேறு சொன்னார். அந்த அன்பு எதற்கென்று இப்போது புரிகிறது.

பிறந்தநாளன்று பெரியவர் தன் கையாலேயே முத்திரையை உடைத்துப் பிரித்தார். முன்பக்க ஹாப்ஸ் கொடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு மாஷ் போட எல்லாம் தயாராக இருந்தது, தண்ணீர் சூடாகிவிட்டது. "இதைத் தொங்க விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வேலை வாங்கணும்" என்று நேராகக் கொண்டுபோய் உள்ளே விட்டார். கிண்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மால்ட் வாசனைக்கு நடுவே பெயின்ட் கடை வாசம் அடித்தது. தூக்கிப் பார்த்தால் அலகிலிருந்து பழுப்புச் சாயம் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. ஓட்டைகளின் விளிம்பில் மரம் அடுக்கடுக்காக வாய் பிளந்து நிற்கிறது. மேலே காகிதக் கனத்துக்கு மேப்பிள் தோல், உள்ளே ஏதோ பெயர் தெரியாத மரத்துண்டுகளை ஒட்டிய பலகை! சூட்டுக்குப் பசை இளகிவிட்டது. ஒரே பலகையில் கடைந்த கெட்டி மேப்பிளாம்.

என் மனைவிதான் பின்பக்கத்தைப் பார்த்தாள். "என்னங்க இது, எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்கு."

வாங்கிப் பார்த்தேன். 'ப' தனியாக நிற்கிறது. அதற்கு அப்புறம் ஒரு கொம்பு, ஒரு கால், இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். 'ங' எழுதி, மெய்ப்புள்ளி பக்கத்தில் இன்னொரு புள்ளி வட்டத்தின் தலையில். இந்தப் புள்ளி வட்டத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் உயிர்க்குறி தனியாக விழுந்தால் திரையில் வருமே, அதுவேதான். உளி பிடித்த எந்த மனிதக் கையும் இதைச் செதுக்காது. தமிழ் தெரியாத சிற்பிகூட, நான் வரைந்து அனுப்பிய தாளைப் பார்த்து அப்படியே கோடு இழுத்திருப்பார். தாளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. தட்டச்சு எழுத்தை எடுத்து லேசர் மெஷினில் ஒட்டி, பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள்.

அதற்கு அப்புறம் முன்பக்கத்தையும் பார்த்தேன். இரண்டு பார்லி கதிரும் மயிரிழை பிசகாமல் ஒன்று போலவே இருந்தன. பள்ளத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் விரல் நுனியில் கரி ஒட்டியது. உளி வெட்டிய பள்ளம் வழவழப்பாக, பட்டை பட்டையாக வெளிச்சத்தில் மின்னும். ஒரு வெட்டு போல இன்னொன்று இருக்காது. இதில் ஒரு உளித்தடம் இல்லை.

ஐந்து கேலனுக்குப் போட்ட மால்ட் முழுவதையும் கொட்டினோம். வார்னிஷ் இறங்கியதை யார் குடிப்பது? பெரியவர் என்னைத்தான் சமாதானப்படுத்தினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுபதாவது பிறந்தநாளில் அவர் எனக்கு ஆறுதல் சொல்கிற நிலைமை.

அன்று இரவே படங்களோடு எழுதினேன். முதல் பதில்: "கையால் செய்யும் பொருளில் சிறு வேறுபாடுகள் இருக்கும், அதுவே அதன் அழகு." புள்ளி வட்டமா அழகு? மறுபடி எழுதினேன். "நீங்கள் அனுப்பிய எழுத்து அப்படித்தான் இருந்தது." நான் வரைந்த தாளை அவருக்கே திருப்பி அனுப்பினேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேச்சு மரத்துக்குத் தாவிவிட்டது. "இது அலங்காரப் பொருள், சுடுதண்ணீரில் போட்டால் நாங்கள் பொறுப்பில்லை." விற்பனைப் பக்கத்தில் 'மாஷ் துடுப்பு, உணவுக்கு ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். அந்த வரியை மறுநாளே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்! கடைசியில், "உங்கள் ஏமாற்றம் புரிகிறது, அடுத்த ஆர்டருக்கு 15 சதவீதத் தள்ளுபடி தருகிறோம்" என்றார். 285 டாலரைப் பறிகொடுத்தவனிடம் அடுத்த ஆர்டராம்.

சந்தைக்காரர்கள் இன்னும் மோசம். முதலில் சாட்டில் இயந்திரம் பதில் சொல்கிறது. மனிதர் கிடைத்ததும், கஸ்டம் ஆர்டருக்கு ரீஃபண்ட் தருவதா வேண்டாமா என்பது விற்றவர் விருப்பம் என்றார்கள். பொருள் பிடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லையே, சொன்ன பொருளே வரவில்லை என்றுதானே கேட்கிறேன் என்றேன். அப்படியானால் கையால் செதுக்கியது இல்லை என்று ஒரு நிபுணரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் மரவேலை செய்யும் ஒருவரிடம் போய் எழுதி வாங்கிக் கொடுத்தேன். "பரிசீலித்தோம், வழக்கு முடிக்கப்பட்டது" என்று ஒற்றை வரி வந்தது. பரிசீலித்தவர் யார், என்ன பார்த்தார், எதுவும் கிடையாது. திரும்பக் கேட்டால் அதே வரியை ஒட்டி அனுப்புகிறார்கள். அந்தக் கடை இன்றும் திறந்துதான் இருக்கிறது. அதே நரம்போடிய கை, அதே சீவல், அதே வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது கிரெடிட் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனியுங்கள்: பேசிக்கொண்ட பொருள் வரவில்லை என்றால், அந்தத் தொகை முதலில் வந்த பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் புகார் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். கடைக்காரர் இன்று பார்க்கிறேன் நாளை பார்க்கிறேன் என்று இழுப்பது இந்த 60 நாளைக் கரைக்கத்தான். டெபிட் கார்டில் கொடுத்துவிடாதீர்கள், இந்தப் பாதுகாப்பு அப்படியே அதற்குக் கிடையாது.

நல்ல துடுப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கொதிப்பில் முடியவில்லை, கைக்கு வந்ததை மட்டும் சொல்கிறேன். வீடியோவை நம்பாதீர்கள், உங்கள் துடுப்பு பாதி செதுக்கிய நிலையில், உங்கள் எழுத்தோடு படம் கேளுங்கள். தர மறுத்தால் விலகிவிடுங்கள். தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்து அனுப்பவே அனுப்பாதீர்கள், படமாக மட்டும் அனுப்புங்கள். ஓட்டையின் உள்விளிம்பைப் பாருங்கள், ஒட்டுப்பலகை அங்கேதான் காட்டிக்கொடுக்கும். விற்பனைப் பக்கத்தை முதல் நாளே படம் எடுத்து வையுங்கள். பரிசுக் கட்டு கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்ததும் பிரித்து, ஒரு வாளி வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். இந்தியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது இதே மாதிரி கடையில் மாட்டியிருந்தால் கீழே எழுதுங்கள், பணம் திரும்பி வந்ததா என்பதையும் சேர்த்து. என்னுடைய 285 டாலர் இன்னும் வரவில்லை.