கழுத்து ஸ்கேனா, கால்சியம் ஸ்கேனா?

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் மாமாவுக்கு 54 வயது. தம்பிக்கு 49 வயதிலேயே மாரடைப்பு வந்துவிட, பயந்துபோய் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு ஸ்கேன் மையத்தில் கழுத்து ரத்தக்குழாயை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். சுவர்த் தடிமன் 0.8 மில்லிமீட்டர். “நார்மல் என்று எழுதியிருக்கிறது, மாப்பிள்ளை” என்று மகிழ்ந்தவர், அந்த வாரமே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கு நெஞ்சு பதைத்தது.

கரோடிட் தமனி எனப்படும் அந்தக் கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவரும் நடுச்சுவரும் சேர்ந்த தடிமனை அளக்கும் முறை 1986-இல் இத்தாலியில் விளக்கப்பட்டது. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. தடிமன் கூடியவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவதும் உண்மைதான். ஆனால் வயது, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாம் தெரிந்த ஒருவரிடம் இந்த எண் புதிதாகச் சொல்வது மிகக் குறைவு. 2010-இல் இதை ஏற்ற அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டி, 2013-இல் வழக்கமான சோதனையாக வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. ஆண்டுதோறும் திரும்ப எடுப்பது வீண் செலவு என்பேன். ஓர் ஆண்டில் சுவர் தடிப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். கருவியைப் பிடிக்கும் கோணம் சற்று மாறினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும்.

அதே ஸ்கேனில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கொழுப்புப் படிவு இருக்கிறதா? சுவர் ஓரிடத்தில் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் புடைத்திருந்தால் அது படிவு. தடிமனைவிட அதுவே வலுவான எச்சரிக்கை.

கால்சியம் ஸ்கேன் இதயத்தின் ரத்தக்குழாய்களையே சி.டி.யில் பார்த்து, அங்கே படிந்த கால்சியத்தை, அதாவது சுண்ணாம்பை, ஒரு மதிப்பெண்ணாகச் சொல்கிறது. ஊசி மருந்து தேவையில்லை; கதிர்வீச்சு உண்டு, சிறிதளவே. மாரடைப்பு ஆபத்து நடுத்தரமாக இருந்து, கொழுப்பு மாத்திரை தொடங்கலாமா என்று மருத்துவரே யோசிக்கும் இடத்தில் இதற்குத்தான் என் வாக்கு. மதிப்பெண் 100-ஐத் தாண்டினால் மாத்திரை பக்கம் தராசு சாய்கிறது. பூஜ்யம் வந்தால் பெரும்பாலோர் காத்திருக்கலாம். ஆனால் சுண்ணாம்பு ஏறாத மென்மையான படிவு இதில் தெரியாது. சர்க்கரை உள்ளவர்களும் புகைப்பவர்களும், மாமாவைப் போல இளவயது மாரடைப்பைக் குடும்பத்தில் கண்டவர்களும் பூஜ்யத்தை நம்பி ஓய்ந்துவிடக் கூடாது. நெஞ்சு வலி வந்துவிட்டால் இரண்டு ஸ்கேனுமே வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

இவை இரண்டுக்கும் முன்னால் நிற்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெற்காசியாவுக்கெனத் தனியாக வெளியிட்ட ஆபத்து அட்டவணை. வயது, பாலினம், புகைப்பழக்கம், பிரஷர், உடல் எடை, உயரம் போதும். ரத்தப் பரிசோதனை இருந்தால் இன்னும் நல்லது.

மாமா மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார். வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை. கால்சியம் ஸ்கேன் தேவையா என்பதை அதற்குப் பிறகு மருத்துவரிடம் கேட்போம்.