ஜிப்மரா, கடலூர் அரசு மருத்துவமனையா?

சர்க்கரை நோயால் காலில் புண் வந்தபோது இரண்டு இடங்களுக்கும் போய்வந்துவிட்டேன். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிறது ஜிப்மர். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு. அறுவை சிகிச்சை என்றால் அங்கேதான், யோசிக்கவே வேண்டாம். கடலூரிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான். என் கால்விரலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆனால் தினமும் கட்டு மாற்றுவதற்கு என் ஓட்டு கடலூருக்கே. அங்கே ஒரு செவிலியர், புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீர் விட்டு ஊறவைத்து, "வலித்தால் சொல்லுங்கள் அப்பா" என்றபடி நூல் நூலாகப் பிரித்தெடுப்பார். அந்தப் பொறுமை என் வீட்டில்கூடக் கிடைக்காது. "காலையில் மாத்திரை போட்டீர்களா?" என்ற அதட்டலும் உண்டு. பயந்துகொண்டே போட்டுவிடுகிறேன்.