விங்ஸ்பேன்: முட்டைகள் அழகு, கணக்கு கடினம்

பறவைகளை அட்டைகளாகச் சேர்க்கும் பலகை ஆட்டமான விங்ஸ்பேனின் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது 75 வண்ண முட்டைகள். அவற்றைப் பார்த்தே ‘பெண்களுக்கு வாங்கிக் கொடுக்க ஏற்ற லேசான ஆட்டம்’ என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆட்டத்துக்கும் அநியாயம், பெண்களுக்கும் அநியாயம். 2019-இல் இது வென்ற ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருது, ஓரளவு ஆடிப் பழகியவர்களுக்கான பிரிவில் தரப்படுவது.

வடிவமைத்தவர் எலிசபெத் ஹார்கிரேவ். ஓவியங்கள் நடாலியா ரோஹாஸ், ஆனா மரியா மார்ட்டினெஸ், பெத் சோபெல் ஆகியோருடையவை. பெண்கள் செய்தது என்பதற்காக மட்டும் இதைப் பாராட்ட வேண்டியதில்லை. 170 பறவைகளின் உணவு, கூடு, இறக்கை நீளம் ஆகியவை வெறும் அலங்காரமாக நிற்காமல் விதிகளுக்குள் வேலை செய்கின்றன. சில வேட்டைப் பறவைகள் கட்டின் மேல் அட்டையைப் புரட்டும். அதிலுள்ள பறவையின் இறக்கை விரிப்பு 75 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அது இரை. போரே இல்லாமல் இவ்வளவு இறுக்கமான போட்டியை அமைத்ததுதான் பெரிய சாதனை.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது? 4 சுற்றுகள். முதல் சுற்றில் 8 முறை ஆடலாம்; முறைக்கொன்றாகப் பயன்படும் கட்டைகளில் ஒன்றை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இலக்குப் பலகையில் (சுற்றின் இலக்குக்குப் புள்ளி தரும் பலகை) வைத்துவிடுவதால் அடுத்தடுத்து 7, 6, 5. ஆக மொத்தம் 26 முறைதான். புதியவர்கள் தொடக்கத்தில் கிடைக்கும் 5 அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு தவிப்பார்கள். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு அட்டைக்கும் ஓர் உணவை இழக்க வேண்டும் என்பதால், 5 அட்டை என்றால் உணவு பூஜ்யம். 2 அல்லது 3 போதும். அதில் ஒன்றாவது, பலகையின் காட்டு வரிசையில் வைக்கும், உணவு தரும் மலிவான பறவையாக இருக்கட்டும்.

மீனும் எலியும் தின்னும் பறவைகளை எடுக்குமுன் யோசியுங்கள். உணவைத் தீர்மானிக்கும் பகடையில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரே முகம்தான். புழுவுக்கும் தானியத்துக்கும் இரண்டு. 5 பகடைகளை உருட்டினால் ஒன்றில்கூட மீன் விழாமல் போக ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு.

அதிகம் தவறுவது இளஞ்சிவப்பு அட்டைகளில். அடுத்தவர் ஆடும்போது வேலை செய்பவை இவை. தன் முறை முடிந்ததும் கவனத்தை விட்டால் பலன் போய்விடும். வரிசையை இயக்கும்போது வேலை செய்யும் பழுப்பு நிற அட்டைகளின் சக்திகளை வலமிருந்து இடமாக இயக்க வேண்டும் என்பதையும் மறப்பார்கள்.

கற்றுக்கொடுக்கும்போது ஒரு வேண்டுகோள். புதிதாக உட்காரும் பெண்ணின் கையிலிருந்து அட்டையை வாங்கி ‘இதைப் போடு’ என்று ஆடிக்கொடுக்கும் பழக்கம் பல மேசைகளில் இருக்கிறது. பெண்கள் இந்தப் பொழுதுபோக்கை விட்டு விலக அது ஒன்றே போதும். இங்கே அட்டைகளும் பலகையும் அவரவருக்குத் தனி என்பதால் அதைத் தவிர்ப்பது எளிது. பிந்தைய பதிப்புகளில் வரும் வழிகாட்டி அட்டைகள் முதல் 4 நகர்வுகளைப் படிப்படியாகச் சொல்லித்தருகின்றன. அதற்கப்புறம் யாரும் கேட்காமல் யோசனை சொல்ல வேண்டாம்.

குறைகளும் உண்டு. கடைசிச் சுற்றில் புல்வெளி வரிசையையே திரும்பத் திரும்ப இயக்கி முட்டை குவிப்பதுதான் பெரும்பாலும் சிறந்த வழியாகிவிடுகிறது. முட்டைக்கு ஒரு புள்ளி, தடுக்க ஆளில்லை. 2020-இல் வந்த ஓஷியானியா விரிவாக்கம், தேன் என்ற புது உணவையும் மாற்றியமைத்த பலகைகளையும் கொண்டுவந்து இதைக் கணிசமாகச் சரிசெய்கிறது. இலக்குப் பலகையில் பச்சைப் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். நீலப் பக்கத்தில் அவரவர் எண்ணிக்கைக்கு அவரவர் புள்ளி என்பதால், எதிராளியின் பலகையை நிமிர்ந்து பார்க்கக்கூடக் காரணம் இருக்காது.

2 அல்லது 3 பேருக்கு இது அருமை, 4 பேருக்குச் சுமார். ஐந்து பேர் சேர்ந்தால் தன் முறைக்காகக் காத்திருப்பதே பெரிய வேலையாகிவிடும். அன்றைக்கு வேறு பெட்டியை எடுங்கள்.